குஷன் கட்டில் கிடந்த குஷி

இங்கிலீஷ் சொற்கள் எங்கிருந்து வந்தன என்று சொல்லுக்கு ஒரு அட்டை எழுதி, உறவுச் சொற்களை ஒரே கட்டாகக் கட்டி வைப்பது என் வழக்கம். அதில் மூன்று மாதமாக ஒரு அட்டை தப்பான கட்டுக்குள் கிடந்திருக்கிறது. அலுங்காமல் குலுங்காமல் சம்பளம் வருகிற வேலையை இங்கிலீஷில் 'குஷி ஜாப்' என்பார்களே, அந்தக் குஷியைக் கொண்டுபோய்க் குஷனோடு சேர்த்துக் கட்டியிருந்தேன். மெத்தையில் உட்கார்ந்த மாதிரி வேலை என்று பொருளும் கச்சிதமாகப் பொருந்தியதா, சந்தேகமே வரவில்லை.

காட்டிக்கொடுத்தவர் பெரியப்பா. நான்கு ரோட்டில் டீ குடிக்கும்போது யாரையோ பற்றி, "அவனுக்கென்னடா, குஷியா உக்காந்துக்கிட்டே சம்பளம் வாங்கறான்" என்றார். பாதி டீயோடு வீட்டுக்கு வந்து அகராதியைப் புரட்டினால், அதே குஷிதான்! பாரசீகத்து 'குஷ்', உருது வழியாக இங்கிருந்த வெள்ளைக்காரச் சிப்பாய்களின் வாயில் ஏறி, 1914-18 போரில் பரவியிருக்கிறது. உயிருக்கு மோசமில்லாத காயத்தைக்கூடக் குஷி என்றிருக்கிறார்கள். குஷன் வந்தது இடுப்பைக் குறிக்கும் லத்தீன் சொல்லிலிருந்து, பிரெஞ்சு வழியாக. இரண்டுக்கும் ஒட்டுமில்லை உறவுமில்லை.

தமிழில் எழுதி அகரவரிசையில் அடுக்குவதால் வரும் வினை இது. 'சம்' (chum), 'சம்ப்' (chump), 'சாம்ப்' (champ) மூன்றும் பக்கத்துப் பக்கத்தில் வந்து நின்று அண்ணன் தம்பி மாதிரி முழிக்கின்றன. கூட்டாளியைச் சொல்லும் சம், 17ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஆக்ஸ்போர்டு மாணவர்கள் அறைத்தோழன் என்பதைச் சுருக்கியதிலிருந்து வந்தது என்கிறார்கள். சம்ப் முதலில் தடித்த மரக்கட்டை, அப்புறம்தான் ஏமாளி. நம்ம மரமண்டையேதான். சாம்ப் என்பது சாம்பியனின் வால் வெட்டியது. அதன் வேரில் இருப்பது களம் என்ற பொருளுள்ள லத்தீன் 'காம்பஸ்'. இனிமேல் மூலமொழிக்கு ஒரு நிறம் என்று அட்டை மூலையில் பூசாமல் எதையும் கட்டில் சேர்ப்பதில்லை. பாரசீகத்துக்குப் பச்சை, லத்தீனுக்குச் சிவப்பு.

நிறம் பூசுவதுதான் உயிரை வாங்குகிறது. கல்யாணப் பத்திரிகை அடிக்கும் அச்சகத்தில் கழித்துப்போடும் அட்டை இலவசம்தான், ஆனால் வழவழப்புப் பக்கத்தில் ஸ்கெட்ச் பேனா காய்வதற்குள் கை பட்டு இழுவிவிடுகிறது. பின்பக்கம் சொரசொரப்பாக வருவதை மட்டும் இனி பொறுக்க வேண்டும். பெட்டி, கிருஷ்ணகிரியிலிருந்து மாம்பழம் வந்த அட்டைப்பெட்டி. வாசனை போகவில்லை, எறும்பும் போகவில்லை.

அடுத்து 'பிளைட்டி' (Blighty). அதே சிப்பாய்கள் ஊர் நினைப்பு வந்தால் இங்கிலாந்தைச் சொன்ன பெயர்; அந்நிய நாட்டு என்ற பொருளுள்ள உருது 'விலாயத்தி' திரிந்து வந்தது. பயிர் நோயைச் சொல்லும் 'பிளைட்' (blight) பக்கத்திலேயே நிற்கும், அதனால் தனி அட்டை இப்போதே எடுத்து வைத்துவிட்டேன். 'ச' வரிசையில் பாதிக்கு இன்னும் நிறம் பூசவில்லை.