புறங்கை

14 ஜூன் 2024, வெள்ளி

நேற்று முன்தினம் விடியற்காலையில் என் மகளுக்குப் பெண் குழந்தை பிறந்தது. சுகப்பிரசவம், எடை 2 கிலோ 900 கிராம். தலைப்பிரசவம் தாய் வீட்டில் என்னும் வழக்கப்படி ஏழாம் மாத வளைகாப்பு முடிந்ததும் அவளைத் திருப்பாதிரிப்புலியூருக்கு அழைத்து வந்திருந்தோம். இப்போது இந்த வீட்டில் நான்கு தலைமுறைப் பெண்கள் இருக்கிறோம். என் அம்மாவுக்கு 76 வயது, எனக்கு 54, மகளுக்கு 29. குழந்தைக்கு இன்று மூன்றாம் நாள்.

பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் பால் கொடுத்துவிட வேண்டும் என்று சொல்லிச் செவிலியர் குழந்தையை மகளின் மார்பில் கிடத்தியபோது அம்மா ஒன்றும் பேசவில்லை. வராந்தாவுக்கு வந்த பிறகுதான், தம் காலத்தில் முதல் மூன்று நாளும் சீம்பாலைப் பீச்சிக் கொட்டிவிடச் சொல்வார்கள் என்றும், பிள்ளைக்குச் சர்க்கரைத் தண்ணீரைத் துணியில் நனைத்துச் சொட்டுவார்கள் என்றும் சொன்னார். நோயை எதிர்க்கும் சத்து அந்த மஞ்சள் நிறப் பாலில்தான் செறிந்திருக்கிறது என்று பல ஆண்டுகள் வகுப்பில் பாடம் நடத்தியவள் நான். எனக்கே அது கிடைக்கவில்லை என்பது இந்த வயதில் தெரியவருகிறது. அம்மா அதை வருத்தமாகச் சொல்லவில்லை, ஊர் வழக்கத்தைச் சொல்வது போலத்தான் சொன்னார்.

19 ஜூன் 2024, புதன்

வீட்டுக்கு வந்ததிலிருந்து அம்மாவுக்கும் மகளுக்கும் இடையே நான் நடுவராக இருக்கிறேன். வசம்பு, மாசிக்காய், சாதிக்காய், கடுக்காய், சுக்கு எல்லாம் போட்டு வைத்த பழைய டப்பாவையும் உரைகல்லையும் அம்மா முந்தாநாளே கழுவிக் காயவைத்துவிட்டார். ஆறு மாதம் வரை தாய்ப்பாலைத் தவிரத் தண்ணீர்கூடக் கூடாது என்று மருத்துவர் சொன்னதை மகள் ஒவ்வொரு வேளையும் நினைவூட்டுகிறாள். தேன் தொட்டு நாக்கில் வைக்கும் பேச்சு எழுந்தபோது நான் மகள் பக்கம் சாய்ந்தேன். ஒரு வயதுக்கு முன் தேன் கொடுத்தால், அதில் இருக்கக்கூடிய ஒருவகைக் கிருமியின் வித்துகள் குழந்தையின் குடலில் முளைத்து நஞ்சாகும் ஆபத்து உண்டு என்று விளக்கினேன். அம்மா முழுவதையும் கேட்டுவிட்டு, "உனக்கு வச்சேன், நீ நல்லாத்தான் இருக்கே" என்று மட்டும் சொல்லி டப்பாவை மேல் அலமாரியில் ஏற்றினார். வசம்பில் ஒரு துண்டை மட்டும் சுட்டு, நூலில் கோத்துக் குழந்தையின் கையில் கட்டிக்கொள்ள உடன்பாடு ஆயிற்று. அதையும் வாயில் வைக்கும் வயது வந்ததும் கழற்றிவிடுவதாக மகள் என்னிடம் தனியே சொல்லி வைத்திருக்கிறாள்.

பத்தியச் சாப்பாட்டில் மட்டும் சண்டையே இல்லை. பூண்டுக் குழம்பும் பால்சுறாப் புட்டும் மகளுக்குச் சலிக்கவில்லை. பண்ருட்டிப் பலா வண்டி தெருவில் போகும்போதுதான் முகம் வாடுகிறது, ஏனென்றால் குழந்தைக்கு மாந்தம் வரும் என்று அவளுடைய ஆயா, அதாவது என் அம்மா, தடை போட்டிருக்கிறார். அந்தத் தடைக்கு அறிவியல் ஆதாரம் கேட்கவேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை. பழம் எனக்குத்தான் மிஞ்சுகிறது.

27 ஜூன் 2024, வியாழன்

பதினாறாம் நாள், புண்ணியாகவாசனம் முடிந்தது. வந்தவர்கள் எல்லாரும் மாலைக்குள் போய்விட்டார்கள்.

எழுத வேண்டியது காலையில் நடந்தது. அம்மா மணையில் உட்கார்ந்து, சேலையை முழங்காலுக்கு மேல் ஏற்றிக்கொண்டு, நீட்டிய இரு கால்களின் நடுவே குழந்தையைக் கிடத்தினார். எண்ணெய் தொட்ட உள்ளங்கை நெஞ்சிலிருந்து வயிற்றுக்கும், வயிற்றிலிருந்து தொடைக்கும், பிறகு குப்புறப் போட்ட முதுகுக்கும் ஓடியது. மூக்கில் எண்ணெய் விடுவதும் ஊதுவதும் கூடாது என்று சொல்லியிருந்ததால் அதை மட்டும் விட்டுவிட்டார். குழந்தையின் முகத்தை அவர் உள்ளங்கையால் வழித்தெடுத்த அந்த நொடியில் எனக்கு வந்தது மகிழ்ச்சி அன்று, பொறாமை. பதினாறு நாள் குழந்தையிடம் 54 வயதுக்காரி பொறாமைப்படுவதை யாரிடமும் சொல்ல முடியாது என்பதால் இங்கே எழுதி வைக்கிறேன்.

என் முகத்தை அம்மா அப்படித் தொட்டதாக எனக்கு நினைவே இல்லை. காய்ச்சலில் படுத்தாலும், தேர்வுக்குப் புறப்பட்டாலும், கல்யாணத்தன்று அழுதபோதும் அவர் கை புரண்டு புறங்கைதான் என் கன்னத்துக்கு வரும். சின்ன வயதிலேயே அதை நான் கவனித்துவிட்டேன். அடுத்த வீட்டுப் பெண்ணை அவளுடைய அம்மா இரு கைகளாலும் முகத்தை ஏந்திக் கொஞ்சுவதைப் பார்த்துவிட்டு வந்து, நம் அம்மாவுக்கு நம்மை அவ்வளவாகப் பிடிக்காது என்று முடிவு கட்டிக்கொண்டேன். அந்த முடிவை மறு ஆய்வு செய்ய வேண்டும் என்று ஏனோ எனக்கு இத்தனை ஆண்டுகளாகத் தோன்றவே இல்லை.

7 ஜூலை 2024, ஞாயிறு

மதியம் தூளியை ஆட்டிக்கொண்டிருந்த அம்மாவிடம் கேட்டுவிட்டேன். கேள்வியைக் குற்றச்சாட்டாக்காமல் கேட்கப் பல நாள் ஒத்திகை பார்த்தும், குற்றச்சாட்டாகத்தான் வந்து விழுந்தது.

அம்மா தம் கையையே திருப்பிப் பார்த்துக்கொண்டார். "கொட்டை உடைச்ச கைடி அது. உன் மூஞ்சியில எப்படி வைப்பேன்?" என்றார்.

பண்ருட்டிப் பக்கத்துக் கிராமத்தில் அம்மா முந்திரிக்கொட்டை உடைத்தது எனக்குத் தெரியாத செய்தி அன்று; அந்தக் கூலியில்தான் என் படிப்பு நடந்தது. ஆனால் அந்த வேலையை நான் கூலியாகவே நினைவில் வைத்திருக்கிறேன், கையாக வைத்திருக்கவில்லை. வறுத்த கொட்டையைக் கல்லில் வைத்துக் கட்டையால் தட்டி உடைக்கும்போது ஓட்டுக்குள் இருக்கும் எண்ணெய் கசிந்து விரல்களில் ஏறும். பட்ட இடம் வெந்து, கறுத்து, பிறகு தோல் உரியும். பெண்கள் சாம்பலைப் பூசிக்கொண்டுதான் உட்காருவார்கள், இருந்தும் தப்பாது. சோற்றைப் பிசைந்தால் எரியும் என்பதால் பல நாள் கரண்டியால் சாப்பிட்டதாகவும், எனக்குப் பால் கொடுக்கும்போது கையை விரித்துப் பிடிக்காமல் முழங்கையில் தாங்கிக்கொண்டதாகவும் அம்மா சொன்னார். நான் கைக்குழந்தையாக இருந்தபோது ஒருமுறை மறந்துபோய்க் கன்னத்தைத் தடவியதில் அங்கே கொப்புளம் கண்டதாம், பாட்டி ஊரைக் கூட்டினாராம். அதற்குப் பிறகு கை தானாகவே புரளப் பழகிவிட்டது.

இதோடு நிறுத்தியிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். அம்மா நிறுத்தவில்லை. மாமியார் முன்னால் பெற்ற பிள்ளையைத் தூக்கிக் கொஞ்சுவது வெட்கங்கெட்ட செயல் என்று கருதப்பட்ட வீடு அது என்றும், எரியாத நாளிலும் தாம் என்னைத் தூக்கவில்லை என்றும் சொன்னார். கையின் மேல் முழுப் பழியையும் போட அவருக்கு மனம் வரவில்லை.

2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கரை கடந்த பிறகு அம்மாவோடு ஊருக்குப் போனது நினைவுக்கு வருகிறது. வேரோடு சாய்ந்து கிடந்த முந்திரி மரம் ஒன்றின் மேல் இரு உள்ளங்கைகளையும் வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். தன் கையை வேகவைத்த மரத்துக்காக ஒருவர் எப்படி அழமுடியும் என்ற கேள்வி அன்றைக்கு எனக்கு எழவே இல்லை.

17 ஜூலை 2024, புதன்

ஆடி பிறந்துவிட்டது. மகளின் நிறுவனத்திலிருந்து விடுப்பு பற்றி மின்னஞ்சல் வந்திருந்தது. மகப்பேறு நலச் சட்டத்தின் 2017 ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு அவளுக்குச் சம்பளத்தோடு 26 வாரம். 1995-இல் அரசுப் பள்ளியில் எனக்குக் கிடைத்தது 90 நாள். இன்று தமிழக அரசு ஊழியர்களுக்கு அது ஓராண்டு. அம்மாவுக்கு விடுப்பு என்ற சொல்லே கிடையாது. நாற்பதாம் நாள் கொட்டை முன்னால் உட்கார்ந்துவிட்டார்.

இந்தக் கணக்கை மகளிடம் சொன்னது என் தவறு. "அந்தத் தொண்ணூறு நாளுக்குப் பிறகு என்னை வளர்த்தது ஆயாதானே" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. நான் பள்ளிக்குத் திரும்பியபோது, கொட்டை உடைப்பதை விட்டுவிட்டு இங்கே வந்து தங்கியவர் அம்மா. தோல் உரிவது நின்று உள்ளங்கை ஆறிய பிறகு அவர் தூக்கிய முதல் குழந்தை என் மகள்தான். நான் பெற்றதை அவர் வளர்த்தார் என்று இத்தனை காலம் நன்றியோடு சொல்லிவந்தேன். அவருக்கும் அதில் ஏதோ கிடைத்திருக்கும் என்று எண்ணிப் பார்த்ததில்லை.

திருவாமூரில் பிறந்த அப்பரைப் பெற்றோர் மறைந்தபின் தாயாக இருந்து வளர்த்தவர் தமக்கை திலகவதியார். அதே அப்பர் கல்லோடு கட்டிக் கடலில் விடப்பட்டுக் கரையேறியதாகச் சொல்லப்படும் எங்கள் ஊரில், பெறாதவள் வளர்த்த கதை ஒன்றும் புதிதன்று என்று மகளிடம் சமாளித்தேன். தலைப்பை மாற்றாதே என்றாள்.

3 ஆகஸ்ட் 2024, சனி

ஆடிப்பெருக்கு. எலுமிச்சைச் சாதமும் தேங்காய்ச் சாதமும் அம்மாதான் செய்தார்.

இரண்டு நாளாக மகளுக்கு லேசான காய்ச்சல், பால் கட்டிக்கொண்டதுதான் காரணம். மருத்துவர் மாத்திரை எழுதிக்கொடுத்து, பால் கொடுப்பதை நிறுத்தாதே என்று சொல்லியனுப்பினார். இரவு எழுந்து போய் அவள் கன்னத்தைத் தொட்டுப் பார்த்தேன். தூங்குகிறாள் என்று நினைத்தேன். கண்ணைத் திறக்காமலே, "அம்மா, நீ எப்பவும் புறங்கையாலதான் தொடுவே" என்றாள். சூடு பார்க்க எல்லாரும் அப்படித்தான் தொடுவார்கள் என்றேன். சூடு பார்க்காதபோதும் அப்படித்தான் என்றாள்.

நான் ஒரு முந்திரிக்கொட்டையைக்கூட உடைத்ததில்லை. என் கையில் பட்டதெல்லாம் சாக்கட்டித்தூள்தான்.

காலையில் அம்மாவிடம் இதைச் சொல்லவில்லை. குழந்தையை நாளை நான் குளிப்பாட்டுகிறேன் என்று மட்டும் சொன்னேன். கைக்குழந்தையைக் காலில் போட்டுக் குளிப்பாட்ட எனக்குத் தெரியாது. 1995-இல் அதையும் அம்மாவே செய்துவிட்டார். அவர் என்னை ஒருமுறை மேலும் கீழும் பார்த்தார். முழங்கால் மடங்காமல் எவ்வளவு நேரம் நீட்டி உட்கார முடியும் என்று கேட்டார். பத்து நிமிடம் என்றேன். போதும் என்று சொல்லி, எண்ணெய்க் கிண்ணத்தை மணைக்குப் பக்கத்தில் எடுத்து வைத்துவிட்டுப் போனார்.