கழுத்தில் ஆரமில்லாத கிளியும் ஒரு பிவிசி குழாயும்

புதுச்சேரி அருகே ஊசுட்டேரிக் கரையோரம் மொட்டைப் பனைப் பொந்தருகே பச்சைக்கிளி இணை ஆடிய காதலாட்டத்தை, பெட்டையின் கண்மணி சுருங்கி விரிவதுகூடத் தெரியும்படி இந்தப் பருவத்தில் ஒருவழியாகப் பதிவு செய்துவிட்டேன். கறுப்பும் ரோஜா நிறமும் சேர்ந்த கழுத்து ஆரம் இருந்தால் ஆண் என்பதில் சிக்கலில்லை. தொல்லையெல்லாம் ஆரமில்லாத பறவையால்தான். இளம் ஆணுக்கும் மூன்றாம் ஆண்டு வாக்கில்தான் ஆரம் முழுமையாகத் தெளியும் என்பதால், இறகை மட்டும் பார்த்துப் பெட்டை என்று குறிப்பேட்டில் எழுதுவதை நான் ஏற்பதில்லை. ஆஸ்திரேலியாவின் செவ்வால் கருங்காக்கட்டூ என்னும் கொண்டைக் கிளியிலும் இளம் ஆண் பெட்டையைப் போலவே மஞ்சள் புள்ளிகளோடு திரிவதால், அங்குள்ளவர்களுக்கும் இதே தலைவலிதான். முதிர்ந்த காலா காக்கட்டூ என்றால் கண்ணைப் பார்த்தே சொல்லிவிடலாம்: ஆணுக்குக் கரும்பழுப்பு, பெட்டைக்குச் சிவப்பு.

நமக்கு நடத்தைதான் சான்று. அதற்கு நெருக்கமான காணொளி வேண்டும். ஸ்பாட்டிங் ஸ்கோப்பில் (தொலைவிலுள்ள பறவையைப் பார்க்கும் ஒற்றைக்குழல் தொலைநோக்கி) கைப்பேசியைப் பொருத்துவதற்கென்று இணையத்தில் விற்கும் பிடிப்பான், கைப்பேசியின் எடை தாங்காமல் சரிந்து, படத்தின் ஓரத்தில் கறுப்புப் பிறையை விழச் செய்யும்; கொடுத்த காசுக்கு அது தண்டம். புதுச்சேரியில் ஒரு குழாய்க் கடையில் பிவிசி ரெடியூசர் (ஒருமுனை அகன்றும் மறுமுனை குறுகியும் இருக்கும் குழாய் இணைப்பு) வாங்கி, அதைக் கைப்பேசியின் பழைய உறையில் ஒட்டி, உள்ளே ரப்பர் வாஷர்களை ஒவ்வொன்றாக அடுக்கி, ஸ்கோப்பில் கண் வைக்கும் கண்ணாடிக்கும் கைப்பேசி லென்சுக்கும் இடையிலான தூரத்தைச் சரிசெய்தேன். ஒரு வாஷர் கூடினாலும் குறைந்தாலும் பிறை திரும்பிவிடும். கைப்பேசி கேமராவில் கிளிக்கேற்ற ஒளியளவைப் (எக்ஸ்போஷர்) பூட்டாமல் விட்டால், வானம் பின்னால் இருக்கும்போது கிளி வெறும் நிழலாகிவிடும் என்பதையும் சொல்லியாக வேண்டும்.

பதிவில், ஆரமில்லாத பறவை சிறகைச் சற்றே தொங்கவிட்டு, தலையைப் பின்னுக்குச் சாய்த்து, கண்ணை உருட்டி உடலை இருபுறமும் ஆட்டுகிறது. ஆண் ஒரு காலைத் தூக்கியபடி நெருங்கி, அலகை உரசி, இரையைக் கக்கி ஊட்டுகிறது. அதன் பிறகே குறிப்பேட்டில் பெட்டை என்று எழுதினேன்.

எடுத்த காணொளிகளில் பாதியை இன்னும் பிரித்து அடுக்கவில்லை. அதற்குள் கடலூர்ப் பக்கத்து ஈச்சமரங்களில் மழைக்காலத்துத் தூக்கணாங்குருவிகளைப் படமெடுக்க மனம் பறக்கிறது. அரைகுறைக் கூட்டில் தொங்கிச் சிறகடிக்கும் மஞ்சள் தலை ஆணுக்கு நிறம் கூடு கட்டும் பருவத்தில் மட்டுமே என்பதால், அங்கே வேறொரு குறிப்பேடு தேவைப்படும். அந்த மரங்கள் தாழ்வாக நிற்பதால், இன்னும் குட்டையான ஸ்கோப் முக்காலி (ட்ரைபாட்) ஒன்றை யாராவது விற்பதாக இருந்தால் தெரிவிக்கவும்.