பன்னிரண்டு மில்லிகெல்வின்: லெய்டன் நாட்குறிப்பு

3 அக்டோபர் 2018, புதன்

இன்று ஊருக்கே விடுமுறை, பல்கலைக்கழகமும் பூட்டு. 1574-இல் ஸ்பானியப் படை நெதர்லாந்தின் இந்த லெய்டன் ஊரை வளைத்துப் பட்டினி போட்டது. மீட்க வந்தவர்கள் கரைகளை வெட்டிக் கடல்நீரை வயல்களுக்குள் விட்டார்கள். தண்ணீர் போதவில்லை. அப்புறம் புயற்காற்று அடித்து நீரை உள்ளே தள்ள, படகுகள் ஊர்வரை வந்துவிட்டன, எதிரி ஓடினான். படகில் வந்த ஹெர்ரிங் மீனும் வெள்ளை ரொட்டியும்தான் ஊரின் பசியைத் தீர்த்தன என்பதால் இன்றைக்கும் காலையில் அவை இலவசம். மத்தியானம் கேரட், வெங்காயம், உருளைக்கிழங்கு சேர்த்து மசித்த ஹுட்ஸ்பாட். ஹெர்ரிங்கை வேகவைக்காமல் அப்படியே தின்கிறார்கள். கடலோரத்தில் பிறந்த எனக்கே முதல் வாய் இறங்கவில்லை.

போனில் அப்பாவிடம் கதையைச் சொன்னேன். "புயல் வந்து ஊரைக் காப்பாத்துச்சா? எழுபத்தேழுல வந்தது நம்மள அப்படி ஒண்ணும் காப்பாத்தலியேம்மா" என்றார்.

11 அக்டோபர், வியாழன்

நாள் முழுக்க பாண்டிங், அதாவது சாம்பிளில் கம்பி ஒட்டும் வேலை. சில நானோமீட்டர் தடிமனுள்ள மோலிப்டினம்-ஜெர்மேனியம் படலம்தான் என் சாம்பிள். அதில் தொடங்கி, அதைத் தாங்கும் சின்னப் பலகைவரை அலுமினியக் கம்பி இழுக்க வேண்டும். கம்பி 25 மைக்ரான், தலைமுடியைவிட மெல்லியது. நுண்ணோக்கியில் கண்ணை வைத்து, ஊசி முனையை இறக்கி, மீயொலி அதிர்வு கொடுத்தால் கம்பி ஒட்டிக்கொள்ளும். அழுத்தம் கூடினால் படலம் கிழியும், குறைந்தால் கம்பி எழுந்துவிடும். மணிக்கட்டில் எர்த் பட்டை கட்டாமல் தொடவே கூடாது. கம்பளிச் சட்டையில் ஏறியிருக்கும் மின்னூட்டம் ஒரு நொடியில் படலத்தை எரித்துவிடும். இதற்கு முன்னால் இதைச் செய்தவர் வானொலியில் பாட்டு ஓடினால்தான் கை நிற்கும் என்பாராம். எனக்கு யாரும் பேசாமலிருந்தாலே போதும்.

20 அக்டோபர், சனி

போர்ஹாவ அருங்காட்சியகம். லெய்டன் இயற்பியலாளர் காமர்லிங் ஒன்னஸ் 1908 ஜூலை 10 அன்று ஹீலியத்தை முதன்முதலாகத் திரவமாக்கிய கருவியைக் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்தேன். ஊதிச் செய்த கண்ணாடிக் குடுவைகளும் பித்தளைக் குழாய்களும்தான். ஒரு முழுநாள் வேலைக்குக் கிடைத்த திரவம் 60 கன செண்டிமீட்டர். மூன்று வருடம் கழித்து அந்தக் குளிரில் பாதரசத்தின் மின்தடை திடீரென்று காணாமல் போனது. மீக்கடத்தி அப்படித்தான் உலகுக்குத் தெரிந்தது. அது நடந்த ஸ்டேன்ஸ்ஹூர் கட்டடத்தில் இப்போது சட்டக் கல்லூரி மாணவர்கள் படிக்கிறார்கள்.

அவருக்கு ஹீலியம் கிடைத்தது மோனசைட் மணலிலிருந்து, வட கரோலினாவில் அள்ளியது. நம் மணவாளக்குறிச்சிக் கடற்கரையில் கிடப்பதும் அதே மணல்தான். அதற்கும் நாற்பது வருடம் முன்னால், 1868 ஆகஸ்ட் 18 சூரிய கிரகணத்தில், மதராஸ் வானாய்வகத்தின் போக்சன் மசூலிப்பட்டினத்திலிருந்தும் பிரெஞ்சு வானியலாளர் ஜான்சென் குண்டூரிலிருந்தும் சூரிய ஒளியின் நிறமாலையில் பார்த்த மஞ்சள் கோடுதான் ஹீலியத்தின் முதல் தடயம். இதையெல்லாம் பள்ளியில் யாராவது சொல்லியிருந்தால் வேதியியலில் இன்னும் கொஞ்சம் மார்க் வாங்கியிருப்பேன்.

30 அக்டோபர், செவ்வாய்

லீக். சாம்பிளைக் குளிர்விக்கும் பொறியின் வெற்றிடக் கலத்துக்கு வெளியே மூட்டு மூட்டாக ஹீலியம் பீய்ச்சி, கண்டறி கருவியின் எண் எங்கே துள்ளுகிறது என்று பார்த்துக்கொண்டே போக வேண்டும். மேலேயிருந்து தொடங்குவதுதான் முறை, ஹீலியம் மேலே எழும் வாயு. சாயங்காலம் பிடிபட்டது: ரப்பர் வளையத்தின் மேல் ஒரு நூலிழை. துடைத்தாயிற்று.

6 நவம்பர், செவ்வாய்

தீபாவளி. அம்மா வீடியோவில் அதிரசத்தைக் காட்டிக்கொண்டே சாப்பிட்டாள், வேண்டுமென்றே. நான் கூல்டவுன் ஆரம்பித்தேன், பொறியைக் குளிரவைக்கும் வேலை. துடிப்புக் குழாய்ப் பொறியின் 'ட்சுக் ட்சுக்' சத்தம்தான் எனக்கு வெடி. அது 4 கெல்வின் வரை, அதாவது மைனஸ் 269 டிகிரி செல்சியஸ் வரை, இழுத்துப்போகும். அதற்குக் கீழே போக ஹீலியத்தின் இரண்டு ஐசோடோப்புகளான ஹீலியம்-3, ஹீலியம்-4 கலந்த கலவை வேண்டும். 0.87 கெல்வினுக்குக் கீழே இரண்டும் எண்ணெயும் தண்ணீரும் மாதிரி தனி அடுக்காகப் பிரிகின்றன. மேலடுக்கில் உள்ள ஹீலியம்-3 அணுக்கள் கீழடுக்குக்குள் கரையும்போது வெப்பத்தை உறிஞ்சும். இந்த முறையில் முதல் பொறி ஓடியதும் 1960-களில் இதே லெய்டனில்தான். ஹீலியம்-3 பெரும்பாலும் அணுகுண்டுக்கென்று சேர்த்து வைத்த டிரிட்டியம் என்ற கதிரியக்க ஹைட்ரஜன் சிதைந்து கிடைப்பது, விலை பயங்கரம். கலவை கசிந்தால் என்ன ஆகும் என்று கைடிடம் ஒருமுறை கேட்டேன். பதில் சொல்லாமல் சிரித்தார்.

10 நவம்பர், சனி

12 மில்லிகெல்வின், ஒரு கெல்வினில் ஆயிரத்தில் பன்னிரண்டு பங்கு! குறைந்தபட்சம் சாம்பிள் உட்காரும் தட்டில் ஒட்டிய வெப்பமானி அப்படிச் சொல்கிறது.

சிக்கல் இனிமேல்தான். காந்தப்புலம் கொடுத்துக் குளிர்வித்தால் மீக்கடத்தியான என் படலத்தின் மின்தடை சரிந்துகொண்டே போய்ப் பூஜ்யமாக வேண்டும். இறங்குகிறது, ஆனால் 80 மில்லிகெல்வின் பக்கம் வந்ததும் தரையில் படுத்துவிட்டது. அதற்குக் கீழே எவ்வளவு குளிர்வித்தாலும் அதே எண். புதுவிதமான உலோக நிலை என்று கொண்டாடலாம். அல்லது, கம்பிகள் ஆண்டெனா மாதிரி வானொலி அலைகளைப் பிடித்துவந்து சாம்பிளின் எலக்ட்ரான்களை மட்டும் சூடாக்குகின்றன என்று சந்தேகப்படலாம். தட்டு 12-இல் இருக்கிறது, எலக்ட்ரான் எதில் இருக்கிறது என்று தட்டு வெப்பமானிக்குத் தெரியாது. இந்தத் துறையில் இதை வைத்து வருடக்கணக்காகச் சண்டை நடக்கிறது. எனக்குச் சந்தேகம்தான் பிடித்திருக்கிறது.

15 நவம்பர், வியாழன்

கஜா புயல் இன்றிரவு நாகைக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவில் கரையேறும் என்கிறார்கள். எங்கள் ஊருக்கு நேராக. இங்கே இரவு ஏழு மணி இருக்கும், அம்மாவிடம் பேசினேன். பின்னால் காற்று விசில் மாதிரி கேட்டது. "ஓட்டு வீட்ட விட்டு எல்லாரும் பள்ளிக்கூடத்துக்கு வந்துட்டோம் பாப்பா, மாட்ட மட்டும் அவுத்து விட்டாச்சு" என்றாள். எட்டரைக்கு மேல் எந்த எண்ணும் போகவில்லை.

ஆய்வகத்திலேயே இருக்கிறேன். வீட்டுக்குப் போனாலும் தூங்கப்போவதில்லை, இங்கேயாவது இணையம் வேகம். கலவையின் அழுக்கைப் பிடிக்கும் குளிர்ப்பொறிக்குத் திரவ நைட்ரஜன் ஊற்றினேன். மின்னோட்டத்தைப் பாதியாக்கி இன்னொரு சுற்று அளவு ஓட்டிவிட்டேன். கோடு அதே இடத்தில் படுத்துக் கிடக்கிறது.

16 நவம்பர், வெள்ளி

இன்னும் தொடர்பில்லை. சென்னையிலிருக்கும் அக்காவுக்கும் இல்லை. தொலைக்காட்சியில் வேதாரண்யம் சாலை முழுக்க மரம். ஊர்ப் பெயர் வருமா என்று பார்த்தால் நாகப்பட்டினம் என்று பொதுவாகச் சொல்லிவிட்டு அடுத்த செய்திக்குப் போகிறார்கள்.

மத்தியானம் காபி அறையில் எல்லாரும் வெர்சாய் கூட்டத்தை நேரலையில் பார்த்தார்கள். எடைகள் அளவைகள் பொது மாநாடு, வாக்கெடுப்பு. நாடு நாடாகப் பெயர் கூப்பிட, ஆமாம் ஆமாம் என்கிறார்கள். கிலோகிராம், ஆம்பியர், மோல், கெல்வின் நான்கையும் புதிதாக வரையறுக்கிறார்கள். இதுவரை கெல்வின் என்பது பனிக்கட்டி, நீர், ஆவி மூன்றும் சேர்ந்திருக்கும் மும்மைப் புள்ளியை வைத்து. 2019 மே 20 முதல் வெப்பநிலையை ஆற்றலோடு இணைக்கும் போல்ட்ஸ்மன் மாறிலியின் மதிப்பை நிலையாக வைத்து. என் வேலையின் அலகே மாறுகிறது. வேறொரு நாளாயிருந்தால் முதல் வரிசையில் உட்கார்ந்திருப்பேன். கதவோரம் நின்று அக்காவுக்கே போன் போட்டுக்கொண்டிருந்தேன்.

கைடு வந்து கேட்டார், சொன்னேன். ஊர் எங்கே என்று வரைபடத்தில் காட்டச் சொன்னார். "உங்கள் பல்கலைக்கழக நூலகத்தில் எங்கள் ஜில்லாவின் நிலப்பத்திரமே இருக்கிறது" என்றேன். அவருக்குத் தெரியாது. ஆனைமங்கலம் செப்பேடுகள்: நாகப்பட்டினத்துச் சூடாமணி விகாரம் என்ற பௌத்த மடத்துக்கு ராஜராஜன் கொடுத்த ஊர், 21 ஏடு, வளையத்தில் சோழ முத்திரை. பெண் யானையை நடக்கவிட்டு எல்லை குறித்தார்கள். நிலம் 97 வேலி, அதற்கு மேல் மா, காணி, முந்திரி என்று பின்னத்தின் பின்னம்வரை எழுதியிருக்கிறது. "எத்தனை தசம இடம்?" என்று கேட்டார். அந்தச் சமயத்தில் அந்தக் கேள்வி எனக்கு என்னவோ ஆறுதலாக இருந்தது.

18 நவம்பர், ஞாயிறு

சித்தப்பா திருத்துறைப்பூண்டிவரை மோட்டார் சைக்கிளில் வந்து, சிக்னல் கிடைத்த இடத்திலிருந்து கூப்பிட்டார். எல்லாரும் நலம். மாடும் திரும்பிவிட்டது. வீட்டில் ஓடு இல்லை. தோப்பில் நிற்கிற தென்னைகளை ஒரு கையில் எண்ணிவிடலாமாம், மாமரம் வேரோடு. அப்பா பேசவில்லை, அவர் தோப்பிலேயே இருக்கிறார் என்றார். நடவேண்டும், காய்க்க ஏழெட்டு வருடம் ஆகும். அப்பாவுக்கு அறுபத்திரண்டு வயது.

27 நவம்பர், செவ்வாய்

இங்கே முனைவர் ஆய்வு என்பது ஒரு உத்தியோகம், நான்கு வருட ஒப்பந்தம், மாதச் சம்பளம். படிக்கப் போன பெண் சம்பளம் வாங்குவது ஊரில் பலருக்கு இன்னும் நம்பமுடியாத விஷயம். அதுதான் இந்த மாதம் உதவியது. ஓட்டுக்கும் ஜெனரேட்டர் வாடகைக்கும் அனுப்பினேன். கரண்ட் இன்னும் வரவில்லை. வேறு மாவட்டத்து மின்வாரிய ஆட்கள் சேற்றில் கம்பம் நட்டுக்கொண்டிருக்கிறார்களாம், ஊரார் சோறு போடுகிறார்கள்.

உடனே கிளம்பி வரவா என்று கேட்டதற்கு அப்பா, "வந்து என்ன மரத்த நிமித்தப் போறியா? பொங்கலுக்கு வா" என்றார். முதல்முறையாகக் கொஞ்சம் பழைய குரல்.

ஃப்ரிட்ஜைச் சூடாக்கிவிட்டேன். ஒவ்வொரு கம்பியிலும் செப்புத்தூள் வடிகட்டி போடுகிறேன். குழாயில் கம்பியைச் சுருட்டி, செப்புத்தூளும் எபாக்சிப் பசையும் கலந்து அடைப்பது. உயர் அதிர்வெண் அலைகள் தூளிலேயே மடிந்துவிடும். நகக்கண்ணெல்லாம் செம்பு.

14 டிசம்பர், வெள்ளி

மறுபடி 12. கோடு இப்போது 80-இல் படுக்கவில்லை, 35 வரை சரிந்துகொண்டே போகிறது. ஆக, முன்பு பார்த்ததில் பெரும்பகுதி சூடான எலக்ட்ரான். 35-க்குக் கீழே மிச்சமிருப்பது நிஜமா, இன்னும் வடிகட்ட வேண்டியதா? வடிகட்டிகளை இரட்டிப்பாக்கினால்தான் தெரியும். கைடு இப்போதே எழுத ஆரம்பிக்கலாம் என்கிறார். நான் இன்னொரு கூல்டவுன் கேட்டு ஜனவரிக் கடைசியில் வாங்கிவிட்டேன்.

பொங்கலுக்கு டிக்கெட் போட்டாயிற்று. நான் இல்லாதபோது பக்கத்து மேசைக்காரர் பொறியைப் பார்த்துக்கொள்வார். அவருக்கு நைட்ரஜன் ஊற்றும் நேரம், கலவையின் அழுத்தம் எவ்வளவு தாண்டினால் என்னை எழுப்ப வேண்டும் என்றெல்லாம் எழுதிக் கதவில் ஒட்டினேன். நேர வித்தியாசம் நாலரை மணி என்றும் பெரிதாக எழுதியிருக்கிறேன். ஊரில் சிக்னல் இருந்தால் எடுப்பேன்.