அரைஞாணையும் கழற்றச் சொன்னார்கள்

ரகசியச் சடங்குகளோடு கூடும் சகோதரத்துவச் சங்கமான ஃப்ரீமேசன் லாட்ஜில் நான் சேர்ந்தது தெரிந்ததும், கேரள எல்லையோரத்து எங்கள் கொழிஞ்சாம்பாறையில் பாதிப் பேர் "உள்ளே மண்டை ஓடு இருக்கிறதாமே?" என்றார்கள். மீதிப் பேர் "கான்ட்ராக்ட் ஏதாவது கிடைக்குமா?" என்றார்கள். கான்ட்ராக்ட் கிடைக்காது. சொந்த லாபத்துக்காக வரவில்லை என்று முதலிலேயே உறுதிமொழி வாங்கிவிடுகிறார்கள். மண்டை ஓட்டைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

யாரும் வந்து அழைப்பதில்லை, நாமாகக் கேட்க வேண்டும். வேலந்தாவளம் செக்போஸ்ட் தாண்டி கோவையில் எனக்கு வேலை. அங்கே என் பழைய மேலாளர் முன்மொழிந்தார், இன்னொருவர் வழிமொழிந்தார். விசாரிக்க லாட்ஜ்காரர்கள் வீட்டுக்கே வந்தார்கள். கடவுள் நம்பிக்கை உண்டா என்று கேட்டார்கள். எந்தக் கடவுள் என்று கேட்கவில்லை. வந்தவர்களில் மூத்தவர் என் மனைவியிடம், "உங்களுக்குச் சம்மதம்தானே அம்மா?" என்றார்.

"பெண்களைச் சேர்ப்பீர்களா சார்?"

"இல்லை அம்மா."

"அப்புறம் என் சம்மதம் எதற்கு?" என்று சொல்லிவிட்டுக் காபி போடப் போனாள். அவருக்குப் பதில் வரவில்லை. எனக்கும் அந்த விதியில் உடன்பாடு கிடையாது.

அடுத்தது ரகசிய வாக்கெடுப்பு. உறுப்பினர்கள் பெட்டிக்குள் கைவிட்டு வெள்ளை உருண்டையோ கறுப்பு உருண்டையோ போடுகிறார்கள். வெள்ளை என்றால் சம்மதம். யார் எதைப் போட்டார் என்று பக்கத்தில் இருப்பவருக்கும் தெரியாது.

சேர்க்கை நாளன்று கதவுக்கு வெளியே உருவிய வாளுடன் ஒருவர் காவல் நின்றார். பக்கத்து அறையில் என்னிடமிருந்த உலோகம் அனைத்தையும் கழற்றச் சொன்னார்கள். மோதிரம், கைக்கடிகாரம், பெல்ட், பையிலிருந்த சில்லறை எல்லாம் ஒரு தட்டுக்குப் போயின. "வேறு ஏதாவது?" என்றார் கூட இருந்தவர். தயங்கித் தயங்கி வெள்ளி அரைஞாணைச் சொன்னேன். "அதையும்தான்" என்றார் சிரிக்காமல். பிறகு கண்ணைக் கட்டி, கழுத்தில் கயிறு மாட்டி, கால்சட்டையின் ஒரு காலை மட்டும் முழங்காலுக்கு மேல் சுருட்டிவிட்டு உள்ளே அழைத்துப் போனார்கள். கீதை, குர்ஆன், பைபிள் எல்லாம் அங்கே மேடையில் இருக்கின்றன. அவரவர் தம் நூலின் மீது கைவைத்து உறுதிமொழி எடுக்கலாம்.

கண்கட்டை அவிழ்த்த பிறகு வடகிழக்கு மூலையில் நிறுத்தி, ஏழைகளுக்கு உதவ ஏதாவது கொடு என்றார்கள். என் கை தானாகப் பைக்குப் போனது. பையில் என்ன இருக்கும்? அத்தனை பேர் முன்னால் வெறுங்கையோடு நின்றேன். கைநீட்டி நிற்பவனைப் பார்க்கும்போது இந்த நிமிடம் நினைவிருக்கட்டும் என்றார் தலைவர். தர்மத்தைப் பற்றி எத்தனையோ பிரசங்கம் கேட்டிருக்கிறேன். எதிலும் எனக்கு இப்படி முகம் சிவந்ததில்லை.

சடங்கு இப்படி மனதில் தைப்பது எங்கள் பக்கத்துக்குப் புதிதல்ல. பக்கத்துச் சித்தூரில் கொங்கன் படைத் திருவிழா அன்று ஒரு பழைய போரையே நடித்துக் காட்டுகிறார்கள். அதில் தோற்பவன் கொங்கு மன்னன். கொங்குத் தமிழ் பேசும் நாங்களும் வருடா வருடம் போய், நம்மவன் தோற்பதைக் கைகட்டி நின்று பார்த்துவிட்டு வருகிறோம்.

மேசன் என்றால் கொத்தனார். லாட்ஜின் சின்னங்களெல்லாம் கொத்தனார் கையிலிருந்து வந்தவை. லாட்ஜ்களுக்குத் தலைமையான முதல் கிராண்ட் லாட்ஜ் லண்டனில் 1717இல் உருவானது. நம் ஊரில் 1770களிலேயே ஆர்க்காட்டு நவாபின் மகன் உம்தத்-உல்-உமரா திருச்சிராப்பள்ளியில் சேர்ந்திருக்கிறார். இந்தியாவுக்கென்று தனி கிராண்ட் லாட்ஜ் வந்தது 1961இல். உறுப்பினர் ஏறும் மூன்று படிகளில் முதல் படியில் 24 அங்குல அளவுகோல், சுத்தியல், உளி ஆகியவற்றைக் காட்டி விளக்குகிறார்கள். அளவுகோல் நாளின் 24 மணி நேரம். அதில் வழிபாட்டுக்கும் உழைப்புக்கும் ஓய்வுக்கும் போக, இடரில் இருப்பவனுக்கும் ஒரு பங்கு உண்டு. சுத்தியல் மனசாட்சி. உளி கல்வி.

இரண்டாம் படிக்குப் போக, சில கேள்விகளுக்கு மனப்பாடமாகப் பதில் சொல்ல வேண்டும். எங்கள் லாட்ஜில் சடங்கு ஆங்கிலத்தில்தான். தமிழ் வழியில் படித்த எனக்கு அது பெரும்பாடு. பஸ்ஸில் முணுமுணுத்துக்கொண்டே போவேன். கண்டக்டர் மந்திரம் என்று நினைத்திருப்பார்.

மூன்றாம் படியில், பைபிளில் வரும் சாலமோன் மன்னர் கட்டிய ஆலயத்தின் சிற்பி ஹிராமின் கதை வருகிறது. ரகசியத்தைச் சொல்ல மறுத்ததற்காகக் கொல்லப்பட்டவர். மண்டை ஓடு இங்கேதான், மரணத்தை நினைவூட்டும் சின்னமாக. அவ்வளவுதான் சங்கதி. சைகைகளையும் சொற்களையும் சொல்ல மாட்டேன், வாக்குக் கொடுத்திருக்கிறேன்.

என்னை அதிகம் யோசிக்க வைத்தது, கொத்தனார் மட்டம் பார்க்கும் மட்டப்பலகை. சமத்துவத்தின் சின்னம் அது. தலைவரை ஆண்டுதோறும் தேர்ந்தெடுக்கிறார்கள். எங்கள் லாட்ஜில் முன்பு தலைவராக இருந்தவர்தான் இப்போது வாளோடு வாசலில் நிற்கிறார். பஞ்சாயத்தில் பதவி போன பிறகும் மேடையில் நடுநாற்காலியை விடாதவர்களைப் பார்த்துப் பழகிய எனக்கு இது பெரிய விஷயம். கூட்டத்தில் அரசியலும் மதச் சண்டையும் பேசக்கூடாது. எல்லையோரக்காரர்கள் கூடும் இடத்தில் தண்ணீர்ப் பிரச்சினை கிளம்பாமல் சாப்பாடு முடிகிறதே, அதுவே சாதனை.

சேர நினைப்பவர்கள் செலவைக் கேட்டுக்கொள்ளுங்கள். சேர்க்கைக் கட்டணம், ஆண்டுச் சந்தா, கறுப்பு கோட்டு எல்லாம் கையைக் கடிக்கும். "பணம் அனுப்புங்கள், சேர்த்துவிடுகிறோம், செல்வம் கொட்டும்" என்று வாட்ஸப்பில் யாராவது எழுதினால் அது மோசடி. நேரில் தெரிந்த ஓர் உறுப்பினரைப் பிடித்துக் கேளுங்கள்.