சதை எடுத்தார்கள், சதை இல்லை என்கிறார்கள்

"இம்புட்டுச் சதையைச் சுரண்டி எடுத்தாங்க, நீங்க சதையே இல்லைன்னு எழுதியிருக்கீங்களாமே டாக்டரம்மா?"

கையில் ரிப்போர்ட்டோடு லேப் வாசலில் நின்று கேட்டவர் அறுபதைத் தாண்டிய ஒரு அம்மா. (விவரங்களைக் கொஞ்சம் மாற்றித்தான் எழுதுகிறேன்.) அவர் கணவருக்கு வலி எதுவும் இல்லாமல் சிறுநீரில் ரத்தம் போயிருக்கிறது, ஒரு நாளில் தானாகவே நின்றும் விட்டது, உடம்புச் சூடு என்று நினைத்து இளநீரும் மோருமாகக் கொடுத்து இரண்டு மாதத்தை ஓட்டிவிட்டார்கள். மறுபடி ரத்தம் வந்தபோது ஸ்கேன் எடுத்ததில் சிறுநீர்ப்பைக்குள் கட்டி. வலியில்லாமல் ரத்தம் போனால்தான் அதிகம் கவலைப்பட வேண்டும் என்று யாரும் அவர்களுக்குச் சொல்லவில்லை.

ரிப்போர்ட்டின் கடைசி வரியை மகன் தமிழில் சொல்லியிருக்கிறான்: சதை இல்லை. நான் எழுதியிருந்தது, அனுப்பிய துணுக்குகளில் சிறுநீர்ப்பையின் தசைப் படலம் இல்லை என்று. நம் பேச்சில் திசுவும் சதைதான், தசையும் சதைதான். அந்த ஒரு சொல்லை வைத்துக்கொண்டு அந்த அம்மா மூன்று நாள் தூங்கவில்லை. உட்காரவைத்து, ஒரு தாளில் படம் வரைந்து சொன்னேன். அதையே இங்கேயும் எழுதி வைக்கிறேன், வேறு யாருக்காவது உதவும்.

சிறுநீர்ப்பையின் சுவரில் உள்பக்கம் ஒரு மெல்லிய செல் வரிசை இருக்கிறது, கட்டி தொடங்குவது பெரும்பாலும் அங்கேதான். அதற்குக் கீழே ரத்தக்குழாய்கள் ஓடும் ஒரு தளர்வான நடுப் படலம். அதற்கும் கீழே, சிறுநீரை அழுத்தி வெளியே தள்ளுகிற தடித்த தசை. யூராலஜிஸ்ட் சிறுநீர்த் தாரை வழியாகக் குழாய் விட்டு, மின்சாரம் பாயும் ஒரு கம்பி வளையத்தால் கட்டியைச் சீவிச் சீவி எடுக்கிறார். எங்களிடம் ஃபார்மலின் பாட்டிலில் வரும்போது அது பார்ப்பதற்குப் பாக்குச் சீவல் மாதிரிதான் இருக்கும், நனைந்து வெளிறிப்போய், சில துண்டுகளின் ஓரம் மட்டும் கருகி. கருகிய இடத்தில் செல்கள் நூல் நூலாக இழுபட்டிருக்கும், அதில் எதையும் நம்பிச் சொல்ல முடியாது. மிச்சத்தை இரவெல்லாம் ஆல்கஹால், சைலீன், உருகிய மெழுகு என்று மாற்றி மாற்றி ஊறவைத்து, மெழுகுக் கட்டியாக்கி, மூன்று நான்கு மைக்ரான் கனத்துக்கு வெட்டி, வெந்நீரில் மிதக்கவிட்டு ஸ்லைடில் ஏந்தி எடுப்பார் எங்கள் டெக்னீஷியன். அப்புறம்தான் சாயம். உட்கரு நீலமாகவும் மற்றதெல்லாம் இளஞ்சிவப்பாகவும் ஏறும்.

அந்த அம்மாவின் கணவருடைய ஸ்லைடில் கட்டி குளத்துப் பாசி போல விரல் விரலாக வளர்ந்திருந்தது, ஒவ்வொரு விரலுக்கும் நடுவே மெல்லிய ரத்தக்குழாய். செல்கள் ஒழுங்கில்லாமல், பெரிய கருத்த உட்கருவோடு இருந்தன, ஹை கிரேடு, அதாவது வேகமாக வளர்ந்து பரவக்கூடிய வகை, என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஓர் ஓரத்தில் சில செல்கள் கூட்டத்தை விட்டுப் பிரிந்து, சின்னச் சின்னத் திட்டுகளாக நடுப் படலத்துக்குள் இறங்கியிருந்தன. சரி, அதற்கும் கீழே? அதற்குக் கீழே ஒன்றுமே வரவில்லை. நடுப் படலத்தில் நூல் போன்ற தசை இழைகள் சில இருந்தன, அவை பெரும்பாலும் எல்லோருக்கும் அங்கே இருப்பவைதான். அவசரத்தில் பார்த்தால் அதையே பெரிய தசை என்று நினைத்துவிடலாம். நினைத்துவிட்டால் வைத்தியமே திசை மாறிவிடும்.

நடுப் படலம் வரை மட்டும் இறங்கியிருந்தால் அது டி1 என்கிற நிலை. கட்டியை எடுத்துவிட்டு, சிறுநீர்ப்பைக்குள் பிசிஜி மருந்து விடுவார்கள். ஆமாம், பிறந்த குழந்தைக்குக் கையில் போடுகிற அதே பிசிஜி கிருமிதான், சிறுநீர்ப்பைக் கட்டிக்கு அது வேலை செய்கிறது என்று 1976-லேயே மொராலஸ் என்கிற மருத்துவர் எழுதிவிட்டார். தடித்த தசைக்குள் இறங்கியிருந்தால் டி2. அப்போது பேச்சே வேறு, சிறுநீர்ப்பையையே எடுப்பதா, கீமோவும் கதிர்வீச்சும் சேர்த்துக் கொடுப்பதா என்று. தசையே வராத ஸ்லைடை வைத்துக்கொண்டு இது டி1 என்று அடித்துச் சொல்ல எனக்கு உரிமை இல்லை. அதனால்தான் அந்தக் கடைசி வரி. இரண்டிலிருந்து ஆறு வாரத்துக்குள் மறுபடி உள்ளே போய் அடிப்பகுதியைச் சீவி அனுப்பச் சொல்வது இதற்காகத்தான். முதல் ஆபரேஷனில் தப்பு நடந்துவிட்டது என்று நினைத்துச் சண்டைக்குப் போகாதீர்கள். அந்தச் சுவர் மெல்லியது, ஆழமாகச் சீவினால் ஓட்டை விழும் என்கிற பயத்தோடுதான் யூராலஜிஸ்ட்டும் கை வைக்கிறார்.

அந்த அம்மா அடுத்துக் கேட்டது, "அப்போ மூத்திர டெஸ்ட்டுல ஒண்ணுமில்லைன்னு வந்துச்சே?" நல்ல கேள்வி. சிறுநீரில் உதிர்ந்து வரும் செல்லில் கேன்சரைத் தேடலாம் என்று 1945-ல் மார்ஷலோடு சேர்ந்து எழுதியவர், பெண்களின் கருப்பை வாயில் கேன்சரைத் தேடும் பாப் ஸ்மியருக்குப் பெயர் கொடுத்த அதே பாப்பனிக்கோலாவ். இன்றைக்கு நாங்கள் பின்பற்றுவது பாரிஸ் முறை, 2016-ல் புத்தகமாக வந்தது. அது முக்கியமாகக் கேட்பது ஒன்றைத்தான்: ஹை கிரேடு இருக்கிறதா? உட்கரு செல்லில் பத்தில் ஏழு பங்குக்கு மேல் அடைத்துக்கொண்டு, கன்னங்கரேலென்று, விளிம்பு கோணலாக இருக்கும் செல்களைத் தேடுவோம். லோ கிரேடு கட்டியின் செல்லோ நல்ல செல்லைப் போலவே இருக்கும், சிறுநீரில் பெரும்பாலும் பிடிபடாது. ஆகவே சிறுநீர் ரிப்போர்ட் சுத்தமாக வந்தாலும் ரத்தம் போனவர் உள்ளே குழாய் விட்டுப் பார்த்தே ஆக வேண்டும்.

இவர் விஷயத்தில் காரணம் வேறு என்று நினைக்கிறேன். விசாரித்தால், காலை எழுந்ததும் முதலில் போன சிறுநீரைப் பிடித்து, அது எங்கேயோ மதியம் வரை மேஜையில் கிடந்திருக்கிறது. இரவெல்லாம் பைக்குள் ஊறிய செல்கள் ஏற்கெனவே பாதி அழுகியிருக்கும், மிச்சத்தை வெயில் பார்த்துக்கொள்ளும். இரண்டாவது முறை போகிறதைப் பிடியுங்கள், உடனே கொண்டுவந்து கொடுங்கள். இன்னொன்று, கல் இருந்ததா, டியூப் போட்டிருந்தார்களா, கிட்னி மாற்றியவரா என்பதையெல்லாம் சிறுநீரோடு அனுப்பும் சீட்டில் எழுதச் சொல்லிக் கேளுங்கள். கல் உரசி உதிர்ந்த செல்கள் கொத்துக் கொத்தாக வந்து கட்டி மாதிரியே காட்டும், பாலியோமா வைரஸ் புகுந்த செல்லோ அச்சு அசல் கேன்சர் செல் போலவே இருக்கும். வெறும் "70, ஆண்" என்று மட்டும் எழுதி வரும் சீட்டைப் பார்த்தால் எனக்கு வயிற்றைக் கலக்கும்.

ரிப்போர்ட்டைத் தப்பாகப் புரிந்துகொண்டு பயந்துபோவது ப்ராஸ்டேட் கேன்சரிலும் நடக்கும். அந்தக் கேன்சர் எவ்வளவு தீவிரமானது என்று சொல்கிற க்ளீசன் ஸ்கோர் 6 என்றால் பத்துக்கு ஆறு, பாதிக்கு மேல் முற்றிவிட்டது என்று அழுதவர்களைப் பார்த்திருக்கிறேன். இன்றைய பயாப்சி ரிப்போர்ட்டில் கொடுக்கப்படும் மிகக் குறைந்த ஸ்கோரே 6 தான். இந்தக் குழப்பம் தீரத்தான் 2014-லிருந்து ஒன்று முதல் ஐந்து வரை குரூப் போடுகிறோம், 6 என்பது குரூப் 1.

ஐந்து வாரம் கழித்து அவருடைய இரண்டாவது பாட்டில் வந்தது. அடிப்பகுதியைத் தனியாக ஒரு சின்ன பாட்டிலில் போட்டு, பெயர் எழுதி அனுப்பியிருந்தார் யூராலஜிஸ்ட். முதல் ஸ்லைடிலேயே தடித்த தசைக் கட்டுகள், கயிறு கயிறாக, இளஞ்சிவப்பாக. எல்லாத் துண்டையும் வெட்டிப் பார்த்தேன், ஒன்றிலும் கட்டி இறங்கவில்லை. மகனுக்குப் போன் போட்டேன், அம்மாதான் எடுத்தார்.

"சதை வந்துச்சா டாக்டரம்மா?"

"வந்துச்சும்மா. சுத்தமா இருக்கு."

புண் ஆறியதும் பிசிஜி ஆரம்பிக்கிறார்கள், வாரம் ஒன்றாக ஆறு வாரம். அதன்பின் மூன்று மாதத்துக்கு ஒருமுறை குழாய் விட்டுப் பார்ப்பார்கள், சிறுநீர் என் மேஜைக்கு வரும். காலையில் முதலில் போகிறது வேண்டாம், இரண்டாவதுதான் என்று மகன் போனில் திருப்பிச் சொன்னான்.