பன்னீர்க் குப்பி இல்லாத இருமுடி

சபரிமலைக்கு மாலை போட்ட நாளிலேயே எங்கள் குருசாமி சொல்லிவிட்டார்: இந்த முறை பிளாஸ்டிக் உறையில் இருக்கும் எதுவும் இருமுடிக்குள் போகக் கூடாது. கட்டு நிறைக்கும் அன்று பூஜைக் கடையிலிருந்து வந்த பொருள்களைப் பாயில் பரப்பி, கற்பூரப் பாக்கெட், ஊதுவத்தி, பன்னீர்க் குப்பி எல்லாவற்றையும் தனியே ஒதுக்கினார். முன்முடியில் நெய்த் தேங்காய், பச்சரிசி, வெல்லம், வெற்றிலை பாக்கு, காணிக்கைக் காசு. மஞ்சள் பொடி சிறு துணி முடிச்சில். அவ்வளவுதான்.

கூட்டத்தில் மூத்த சாமி ஒருவருக்கு மனம் ஒப்பவில்லை. “பன்னீர் இல்லாமல் ஒரு முடியா, சாமி?” என்று கேட்டார். இவை சன்னிதானத்தில் குப்பையாகத்தான் சேர்கின்றன, இருமுடியில் வேண்டாம் என்று 2024-இல் சபரிமலையின் தலைமை அர்ச்சகரான தந்திரியே கேட்டுக்கொண்டதைக் குருசாமி எடுத்துச் சொன்னார். தந்திரியின் சொல் என்றதும் அந்தப் பெரியவர் மறுபேச்சில்லாமல் தம் பையிலிருந்த குப்பியையும் எடுத்து வெளியே வைத்தார். பிளாஸ்டிக்கைத் தவிர்க்கச் சொல்லி வழிநெடுக இருக்கும் அறிவிப்புப் பலகைகள் அவர் கண்ணில் படாமல் இருந்திருக்காது. ஆனால் பக்தனிடம் காட்டைக் காக்கச் சொல்ல வேண்டியவர், அவன் யார் சொன்னால் கேட்பானோ அவர். இந்த யாத்திரை முழுவதும் என் மனத்தில் ஓடிக்கொண்டிருந்தது இதுதான்.

எருமேலியில், வண்ணம் பூசிக்கொண்டு ஆடும் பேட்டைத் துள்ளல். வாவர் பள்ளிவாசலை வலம் வந்து, ஐயப்பனின் தோழரை வணங்கிவிட்டுத் துள்ளினோம். முகத்தில் பூசிக்கொள்ளும் சாயப்பொடிகள் குளிக்கும்போது அப்படியே ஓடையில் இறங்குகின்றன. நாங்கள் மஞ்சளும் சந்தனமும் மட்டும் பூசிக்கொண்டோம். துள்ளலின் ஆனந்தத்தில் ஒரு குறையும் இல்லை.

அங்கிருந்து பெருவழிப் பாதை. அழுதா நதியில் மூழ்கி, ஆளுக்கொரு கல்லை எடுத்துக்கொண்டு ஏறினோம். கல்லிடும் குன்றில் அதைப் போட்டுவிட்டு நடப்பது காலங்காலமாக வரும் வழக்கம். ஐயப்பன் வதைத்த மகிஷி என்ற அரக்கியின் உடலைக் கற்களால் மூடிய இடம் என்று நம்புகிறோம். நதியிலிருந்து எடுத்த கல்லை மலையிலேயே விட்டுப் போகிறோம். காட்டுக்கு அதில் எந்தச் சுமையும் இல்லை. நம் முன்னோர் அமைத்த சடங்குகளைக் கூர்ந்து பார்த்தால் இது விளங்கும். இலை, தேங்காய், நெய், அரிசி, பருத்தித் துணி எல்லாமே மண் திரும்ப ஏற்றுக்கொள்பவை. பழைய இருமுடியில் காட்டுக்கு ஒவ்வாதது என்று எதுவும் இருந்ததில்லை. பிளாஸ்டிக்கை விலக்குவதைப் புதுமை என்று சொல்பவர்களிடம், அதுதான் பழைய ஆசாரம் என்று உரக்கச் சொல்ல விரும்புகிறேன்.

கரிமலை ஏற்றத்தில் மூச்சு வாங்கியபோதெல்லாம் சரணம் விளித்தோம். இது வெறும் நடைபாதை அல்ல. 1978-இல் புலிகள் காப்பகமாக அறிவிக்கப்பட்ட பெரியார் காட்டின் உள்வழி. நம் மொழியில் ஐயப்பனின் பூங்காவனம். செங்குத்தான ஏற்றங்கள் சுத்தமாகவே இருந்தன. சாமிமார் உட்கார்ந்து இளைப்பாறும் இடங்களில்தான் பிஸ்கட் உறைகளும் தண்ணீர்ப் பாட்டில்களும் கிடந்தன. உப்பும் இனிப்பும் ஒட்டிய அந்த உறைகளை மிளா மானும் யானையும் உணவென்று விழுங்குகின்றன. வயிற்றில் பிளாஸ்டிக்கோடு விலங்குகள் இறந்துபோயிருக்கின்றன. ஒரு மண்டலம் எறும்புக்கும் தீங்கு நினைக்காமல் விரதம் இருந்துவிட்டு, அவன் காட்டு உயிருக்கே நஞ்சை வைத்துவிட்டு வரலாமா? எனக்கு மனம் ஆறவில்லை. கேரளக் காவல்துறை அதிகாரி ஒருவரின் முயற்சியில் 2011-இல் தொடங்கிய ‘புண்ணியம் பூங்காவனம்’ திட்டம், பக்தர்கள் தாங்கள் கொண்டுவந்த கழிவைத் தாங்களே திரும்ப எடுத்துச் செல்லவும், கொஞ்ச நேரம் துப்புரவுப் பணி செய்யவும் கேட்டது. குருசாமி கொண்டுவந்திருந்த சாக்கை முதல் முறை மலைக்கு வந்த எங்கள் கன்னிசாமிகள் ஆளுக்கொரு முனையாகப் பிடித்துக்கொண்டார்கள். ஒவ்வோர் உறையைப் போடும்போதும் ஒரு சரணம். சரண கோஷம் அவ்வளவு உருக்கமாக என் காதில் விழுந்ததில்லை.

பம்பையில் கண்ட காட்சியைச் சொல்லாமல் விட முடியாது. உடுத்தி வந்த வேட்டியை ஆற்றில் விட்டால் பாவம் போகும் என்று நம்புகிறவர்களில் நம் பக்கத்தவரும் நிறையப் பேர். அப்படி ஒரு சடங்கே சபரிமலையில் கிடையாது. கேரள உயர் நீதிமன்றமும் அதைத் தடுத்திருக்கிறது. 176 கிலோமீட்டர் ஓடி, குட்டநாட்டு வயல்களைக் கடந்து வேம்பநாட்டு ஏரியில் சேரும் நதி இது. நாம் தேய்க்கும் எண்ணெயும் சோப்பும் கீழே இருக்கும் குடும்பங்களின் கிணற்றுக்கும் வயலுக்கும்தான் போய்ச் சேரும். 2018 ஆகஸ்ட் வெள்ளத்தில் இதே பம்பை, தன் கரையிலுள்ள திரிவேணியின் கட்டடங்களைப் பெயர்த்து, கரையெங்கும் மணலைக் குவித்தது. நாங்கள் வெறும் தண்ணீரில் மூழ்கி எழுந்தோம். துணி விடப் போன ஓர் இளைஞரிடம் குருசாமி, “சாமி, தாயின் மேல் அழுக்குத் துணியைப் போடுவோமா?” என்று மட்டும் கேட்டார். அவர் வேட்டியைப் பிழிந்து தோளில் போட்டுக்கொண்டார்.

பதினெட்டுப் படியேறி அவனைக் கண்ட கணத்தை எழுத எனக்குச் சொல் போதாது. கண் நிறைந்தது. நெய்யை அபிஷேகத்துக்குக் கொடுத்துவிட்டு, தேங்காய் மூடியை ஆழி என்னும் நெருப்புக் குண்டத்தில் இட்டோம். அது முழுதாக எரிந்து சாம்பலானது.

மகரவிளக்குக்குப் போகும் சாமிமாருக்கு ஒரு வேண்டுகோள். ஆளுக்கொரு எவர்சில்வர் பாட்டிலோ டம்ளரோ எடுத்துச் செல்லுங்கள். மலைப்பாதையில் தேவசம் போர்டு தரும் சுக்குத் தண்ணீரை அதிலேயே வாங்கிக் குடிக்கலாம். பின்முடியில் மடித்த துணிப்பை ஒன்று இருக்கட்டும், திரும்பும்போது உறைகளைப் போட்டுக்கொள்ள. குருசாமிமார் இதைக் கட்டு நிறைக்கும் அன்று சொல்லாமல், மாலை போடும் அன்றே சொல்லிவிடுங்கள். கடையில் வாங்குவதற்கு முன்பே சாமிமார் காதில் விழ வேண்டும்.