சிலபஸில் எழுதியிருக்கிறது

அமெரிக்காவுக்கு மேற்படிப்புக்கு வருகிறவர்களுக்கு மூத்த மாணவர்கள் சொல்லும் அறிவுரையெல்லாம் குளிர்கோட்டு, வங்கிக் கணக்கு, வாடகை ஒப்பந்தம் என்று போகும். சிலபஸை முழுதாகப் படி என்று ஒருவரும் சொல்வதில்லை. இங்கே அதில் பாடங்களின் பட்டியல் ஒரு பக்கம்தான், மிச்சமெல்லாம் சட்டதிட்டம். வீட்டுப்பாடம் தாமதமானால் நாளொன்றுக்கு எவ்வளவு மதிப்பெண் வெட்டு, யாருடன் சேர்ந்து படிக்கலாம், எதைத் தனியாக எழுத வேண்டும், செயற்கை நுண்ணறிவின் உதவியை எதுவரை பெறலாம், மதப் பண்டிகைக்கு எப்படி விடுப்புக் கேட்பது, நோயோ உடற்குறையோ உள்ளவர் எந்த அலுவலகத்துக்குப் போவது என்று நீண்டுகொண்டே போகும். முதல் வகுப்பில் பேராசிரியர் இதையெல்லாம் வாசிக்கும்போது பாதிப் பேர் மடிக்கணினியில் வேறு எதையோ பார்த்துக்கொண்டிருப்பார்கள். அக்டோபரில் யாராவது சலுகை கேட்டுப் போய் நின்றால், "சிலபஸில் எழுதியிருக்கிறதே" என்று பதில் வரும். கோபமாக அல்ல, சிரித்துக்கொண்டே. அந்தச் சிரிப்பை நம்பிக் கெஞ்சத் தொடங்குகிறவர்கள் நம்மவர்களாகத்தான் இருப்பார்கள்.

எனக்கு முதல் வகை சர்க்கரை நோய். பள்ளி நாளிலிருந்தே இன்சுலின் ஊசிதான். வெளியே சொல்லக் கூடாது என்பது வீட்டில் எழுதாத சட்டம். நாளைக்குக் கல்யாணம் என்று ஒன்று இருக்கிறதே. ஊரில் தேர்வறையில் சர்க்கரை இறங்கிக் கை நடுங்கினால், பையில் ஒளித்துவைத்த மிட்டாயைக் கண்காணிப்பாளர் திரும்பும் நேரம் பார்த்து வாயில் போட்டுக்கொள்வேன்.

இங்கே அப்படி ஒப்பேற்ற முடியவில்லை. காரணம், கையில் ஒட்டியிருக்கும் சென்சார். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை அது சர்க்கரை அளவைக் கைபேசிக்கு அனுப்பும். அளவு 55-க்குக் கீழே இறங்கினால் கைபேசி அலறும். ஒலியை அடைத்து வைத்திருந்தாலும் அலறும். தேர்வறையில் கைபேசி கண்ணில் பட்டாலே ஒழுங்கு நடவடிக்கை என்று சொல்வதும் அதே சிலபஸ்தான். உடல்நலக் காரணத்துக்கு ஏற்பாடு வேண்டுமானால் கேளுங்கள் என்று சொல்லும் பத்தி அதற்கு இரண்டு பத்தி கீழே இருந்தது.

மாற்றுத்திறனாளி மாணவர்களுக்கான அலுவலகத்தில் சர்க்கரை நோயாளிக்கு என்ன வேலை என்ற தயக்கத்தோடுதான் போனேன். அங்கிருந்த ஆலோசகர் சட்டத்தை விளக்கினார். 1973-ஆம் ஆண்டின் மறுவாழ்வுச் சட்டத்தின் 504-ஆவது பிரிவும், 1990-ஆம் ஆண்டின் அமெரிக்க மாற்றுத்திறனாளிகள் சட்டமும் பல்கலைக்கழகங்களைக் கட்டுப்படுத்துகின்றன. 2008-இல் வந்த திருத்தம் நாளமில்லாச் சுரப்பிகளின் செயல்பாட்டையும் கணக்கில் சேர்த்தது. ஆகவே எனக்கும் அங்கே இடம் உண்டு. மருத்துவரின் கடிதம், ஒரு படிவம், கொஞ்ச நேரப் பேச்சு, அவ்வளவுதான். சில நாளில் ஒரு பக்கக் கடிதம் வந்தது. மருத்துவத் தேவைக்காகக் கைபேசி மேசைமேல் இருக்கலாம், சாறும் குளுக்கோஸ் மாத்திரையும் வைத்துக்கொள்ளலாம், நடுவே நிறுத்தினால் அந்த நேரம் தேர்வு நேரத்தில் கழியாது. நோயின் பெயர் கடிதத்தில் எங்குமே இல்லை. பேராசிரியருக்கு அது தெரிய வேண்டியதில்லையாம்.

முதல் தேர்வை தேர்வு மையத்தில் ஒரு தனியறையில் எழுதினேன். வெளித்தொடர்பைத் துண்டித்து, சென்சாருக்கு வேண்டிய புளூடூத்தை மட்டும் விட்டுவைத்து, திரை தன் பக்கம் தெரியும்படி கைபேசியை வைக்கச் சொன்னார் கண்காணிப்பாளர். பாதியில் அளவு 62-க்கு இறங்கியிருந்தது. கையைத் தூக்கினேன். அவர் வந்து விடைத்தாளைக் கவிழ்த்து வைத்தார், சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து ஓரத்தில் நேரத்தைக் குறித்துக்கொண்டார். சாறு குடித்துவிட்டுக் கால்மணி நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். அளவு ஏறியதும் மறுபடி நேரத்தைக் குறித்துத் தாளைத் திருப்பிக் கொடுத்தார். "இப்போது சரியா?" என்ற ஒரு கேள்வியோடு முடிந்தது. ஐயோ பாவம் என்ற முகம் இல்லை, பாகற்காய்ச் சாறு குடிக்கச் சொல்லவில்லை, வீட்டில் வேறு யாருக்கு இருக்கிறது என்ற விசாரணையும் இல்லை.

இப்படியெல்லாம் நம் நாட்டில் இல்லை என்று எழுதினால் அது பொய். இந்தியாவில் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016-இலேயே வந்துவிட்டது. எழுத்தர் வைத்துத் தேர்வு எழுதுபவர்களுக்கு மணிக்கு 20 நிமிடத்துக்குக் குறையாமல் கூடுதல் நேரம் தர வேண்டும் என்று மத்திய அரசின் வழிகாட்டுதலும் இருக்கிறது. ஆனால் நான் படித்த இடங்களில் இது ஒரு சாரின் நல்ல மனசைப் பொறுத்ததாகவே இருந்தது. நல்ல மனசுக்குக் காலமெல்லாம் நன்றிக்கடனும் பட வேண்டும். இங்கே எனக்குப் பேராசிரியரைப் பிடிக்க வேண்டியதில்லை, அவருக்கும் என்னைப் பிடிக்க வேண்டியதில்லை.

ஆனால் அழுத பிள்ளைக்குத்தான் பால். பள்ளிவரை இங்கே கதை வேறு: எந்தக் குழந்தைக்கு உதவி தேவை என்று தேடிக் கண்டுபிடிப்பது கல்வி மாவட்டத்தின் சட்டப்படியான கடமை. கல்லூரி வாசலைத் தாண்டியதும் அந்தக் கடமை போய்விடுகிறது. மாணவரே வாய் திறக்க வேண்டும், அதுவும் முன்கூட்டியே. தேர்வு முடிந்து மதிப்பெண் குறைந்த பிறகு கடிதம் கொண்டுவந்தால், போன தேர்வைத் திருத்த மாட்டார்கள். பன்னிரண்டு வருடம் அம்மாவே ஆசிரியர்களிடம் பேசிப் பழகிய இங்குள்ள தமிழ்ப் பிள்ளைகள் இந்த இடத்தில்தான் இடறுகிறார்கள். அம்மா தொலைபேசியில் அழைத்தால் பேராசிரியர் பேச மாட்டார். 1974-இல் வந்த கல்விப் பதிவுகள் சட்டப்படி, கல்லூரியில் சேர்ந்ததும் மதிப்பெண் மீதான உரிமை மாணவருக்குப் போய்விடுகிறது. "பீஸ் கட்டுவது நான், மார்க் பார்க்க எனக்கு உரிமை இல்லையா?" என்று குமுறும் அப்பாக்களை ஒவ்வொரு தமிழ்ச்சங்க விழாவிலும் பார்க்கலாம். வருமான வரியில் பிள்ளையைச் சார்ந்திருப்பவராகக் காட்டியிருந்தால் பல்கலைக்கழகம் சொல்லலாம் என்ற விலக்கு இருக்கிறது. சொல்லியே ஆக வேண்டும் என்று இல்லை.

ஒழுங்கு விதிகளில் நம்மவர்கள் அதிகம் மாட்டுவது வீட்டுப்பாடத்தில். தேர்வில் காப்பி அடிப்பது தவறு என்று எல்லோருக்கும் தெரியும். நண்பன் கேட்டால் நாம் எழுதிய கணினி நிரலைக் கொடுப்பது தவறு என்று நமக்கு யாரும் சொல்லி வளர்க்கவில்லை, கொடுக்காதவனைத்தான் சுயநலக்காரன் என்றார்கள். கணினி அறிவியல் துறைகளில் 1994-இல் உருவான மாஸ் என்ற மென்பொருளை இன்றும் பயன்படுத்துகிறார்கள். நிரலில் மாறிகளின் பெயரை மாற்றினாலும், குறிப்புகளை அழித்தாலும், அடியிலுள்ள அமைப்பு ஒத்திருந்தால் இரண்டு கோப்புகளையும் அருகருகே வைத்து வண்ணமிட்டுக் காட்டிவிடும். யார் எழுதியது, யார் பார்த்தது என்று அது சொல்லாது. அதனால் விசாரணைக் கடிதம் இருவருக்கும் போகும். எனக்குத் தெரிந்த ஒருவர் கொடுத்தவர் மட்டுமே. அந்தப் பாடத்தில் அவருக்கும் தோல்விதான்.

அழைப்பு வந்ததும் பதறி மன்னிப்பு மின்னஞ்சல் அனுப்புவது நம் வழக்கம். அந்த மின்னஞ்சலே சாட்சியாகிவிடும். முதலில் என்ன குற்றச்சாட்டு, என்ன ஆதாரம் என்று எழுத்தில் கேட்க வேண்டும். பல பல்கலைக்கழகங்களில் விசாரணைக்குத் துணையாக ஒருவரை அழைத்துப் போகலாம், தீர்ப்பின்மேல் மேல்முறையீடும் உண்டு. இதுவும் சிலபஸ் சுட்டும் விதித்தொகுப்பில்தான் இருக்கிறது. விசாவில் வந்தவர்களுக்கு இது மதிப்பெண்ணோடு நிற்கிற சங்கதி அல்ல. இடைநீக்கம் செய்துவிட்டால் படிப்பு நிற்கும், படிப்பு நின்றால் எஃப்-1 என்ற மாணவர் விசாத் தகுதியும் போகும். உடம்பு முடியாமல் ஒரு பாடத்தை விடுவதிலும் இதே கண்ணி இருக்கிறது. மருத்துவர் கடிதத்தோடு குறைந்த பாடச்சுமைக்கு அனுமதி வாங்கலாம். ஒரு பட்டப்படிப்பில் மொத்தம் 12 மாதம் வரை தருவார்கள். அனுமதி வாங்கிய பிறகுதான் பாடத்தை விட வேண்டும். விட்டுவிட்டு வந்து நின்றால் பன்னாட்டு மாணவர் அலுவலகத்தில் எத்தனை நல்லவர் இருந்தாலும் கை கட்டப்பட்டிருக்கும்.

எனக்கு இந்த ஏற்பாட்டில் பெரிய குறை ஒன்று உண்டு. சர்க்கரை நோய்க்கு ஆதாரம் எளிது, ஒரு ரத்தப் பரிசோதனை போதும். கற்றல் குறைபாடோ கவனக்குறைபாடோ இருப்பவர்களிடம் உளவியலாளரின் விரிவான மதிப்பீட்டைக் கேட்பார்கள். அதற்கு ஆயிரக்கணக்கில் டாலர் ஆகலாம், காப்பீடும் பல நேரம் கைகொடுக்காது. சட்டம் எல்லோருக்கும் பொது என்கிறார்கள்; அதைத் திறக்கும் சாவிக்கு விலை வைத்துவிட்டார்கள். கடிதங்களைப் பார்த்து, "இந்தக் காலத்தில் எல்லோருக்கும் கூடுதல் நேரம் வேண்டியிருக்கிறது" என்று வகுப்பிலேயே சலித்துக்கொண்ட பேராசிரியரையும் பார்த்திருக்கிறேன். அவரும் கடிதத்தில் உள்ளதைச் செய்தார். செய்யாமல் இருக்க அவருக்கு வழியில்லை.

இப்போது நானே ஒரு வகுப்புக்குக் கற்பித்தல் உதவியாளர். கடிதங்கள் என் கைக்கும் வருகின்றன, நோயின் பெயர் இல்லாமல். சென்ற இலையுதிர்ப் பருவத்தில், தேர்வுக்கு மூன்று நாள் இருக்கையில் நம் பக்கத்து மாணவர் ஒருவர் வந்து, ஒற்றைத் தலைவலி வந்தால் திரையைப் பார்க்கவே முடிவதில்லை, கொஞ்சம் பார்த்துச் செய்யுங்கள் அண்ணா என்றார். பார்த்துச் செய்ய என்னிடம் எதுவும் இல்லை. அவருடன் நடந்துபோய் அந்த அலுவலகத்தைக் காட்டி, படிவத்தை நிரப்ப உதவினேன். அவர்களுக்கு ஒரு வாரம் தேவைப்பட்டது. அந்தத் தேர்வை அவர் மற்றவர்களோடு சேர்ந்தேதான் எழுதினார். இறுதித் தேர்வுக்குக் கடிதம் வந்திருந்தது: அச்சிட்ட தாள், மங்கிய விளக்கு, ஒன்றரை மடங்கு நேரம்.